வலிக்கும் முன்பே போகலாம்: பினாங்கில் முதல் முறை புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு

புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் போகச் சரியான நேரம் எது என்று கேட்டால், உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாத நேரம்தான். நம் வீடுகளில் இதைச் சொன்னால், "எனக்குத்தான் ஒன்னும் இல்லையே, எதுக்கு வீணா கிளினிக்குக்குப் போகணும்?" என்றுதான் பதில் வரும். மார்பகத்திலோ பெருங்குடலிலோ கர்ப்பப்பை வாயிலோ வரும் புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. ரத்தம், வலி, உடல் இளைப்பு என்று அது வெளியே தெரியும்போது பல சமயம் பரவத் தொடங்கியிருக்கும். மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012–2016 கணக்கில், நோய் கண்டவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டார்கள். ஆஸ்பத்திரி இருக்கிறது, மருந்து இருக்கிறது, நாம் போய்ச் சேரும்போது நேரம் கடந்துவிடுகிறது. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

அதே கணக்கின்படி வாழ்நாளில் ஆண்களில் பத்தில் ஒருவருக்கும் பெண்களில் ஒன்பதில் ஒருவருக்கும் ஏதாவது ஒரு புற்றுநோய் வர வாய்ப்பு உண்டு. பெண்களிடம் மார்பகப் புற்று முதலிடத்தில் இருக்கிறது, ஆண்களிடம் பெருங்குடல் புற்று. மலேசிய இந்தியர்களிடம் வாய்ப் புற்று மற்ற இனத்தவரைவிட அதிகம். இன்னொரு பக்கம், புற்றுநோய்களில் 30 முதல் 50 விழுக்காடு வரை தடுக்கக்கூடியவை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. பழக்கத்தை மாற்றுவது, தடுப்பூசி போடுவது, வேளையோடு பரிசோதிப்பது ஆகிய மூன்றும்தான் அதற்கு வழி.

தீவில் இருப்பவர்களுக்கும் பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் இருப்பவர்களுக்கும் நடைமுறை ஒன்றுதான். கெடாவிலிருந்தோ பேராக்கிலிருந்தோ வேலைக்கு வந்து பாயான் லெப்பாசில் புதிதாகக் குடியேறியவர்களும் இதையே பின்பற்றலாம்.

முதலில் வீட்டில் விசாரியுங்கள்

கிளினிக்குக்குப் போகும் முன் ஒரு தாளை எடுத்து, குடும்பத்தில் யாருக்கு என்ன புற்று வந்தது, எந்த வயதில் வந்தது என்று எழுதுங்கள். அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள் முதலில். அப்புறம் பாட்டி, தாத்தா, சித்தி, பெரியம்மா, அத்தை, மாமா. அப்பா வழியையும் கேளுங்கள். மார்பகப் புற்று அம்மா வழியில்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்பா வழியிலும் வரும்.

இதைக் கேட்டு வாங்குவது சுலபமில்லை. தோட்டத்தில் வாழ்ந்த நம் பெரியவர்கள் நோயின் பெயரைச் சொல்லிப் பழகாதவர்கள். "வயித்துல கட்டி வந்து போயிட்டாரு", "கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க", "தொண்டையில புண்ணு, சாப்பிட முடியல" என்று சொல்வார்கள். அந்த வார்த்தைகளையே அப்படியே எழுதிக்கொண்டு போங்கள், டாக்டருக்கு அதுவே உதவும். வயது தெரியாவிட்டால், "பெரிய அண்ணன் கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டால் கணக்குப் போட்டுவிடலாம்.

இது ஏன் முக்கியம் என்றால், நெருங்கிய ரத்த உறவில் பெருங்குடல் புற்று இருந்தால் பரிசோதனை 50 வயது வரை காத்திருக்காது. பொதுவாக 40 வயதில், அல்லது அந்த உறவினருக்கு நோய் வந்த வயதுக்குப் பத்தாண்டு முன்னதாக, எது முன்னால் வருகிறதோ அப்போது தொடங்கச் சொல்வார்கள். அப்பாவுக்கு 45 வயதில் வந்தது என்றால் உங்களுக்கு 35 வயதிலேயே அந்தப் பேச்சு தொடங்க வேண்டும்.

தாளின் கீழே உங்களைப் பற்றியும் எழுதுங்கள்: புகை, மது, வெற்றிலை உண்டா, சாப்பிடும் மாத்திரைகள் என்ன, கடைசியாக என்ன பரிசோதனை எப்போது செய்தீர்கள். மறைக்க வேண்டாம். டாக்டர் யாரிடமும் போய்ச் சொல்லப் போவதில்லை.

கவர்மெண்ட் கிளினிக்கில் தொடங்குங்கள்

தனியார் ஆஸ்பத்திரிகளில் ஆயிரம் வெள்ளிக்கு மேல் போகும் பரிசோதனைத் தொகுப்புகளை விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். வசதி இருந்தால் செய்யலாம். ஆனால் முதல் முறை போகிறவருக்கு அது தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். அந்தத் தொகுப்புகளில் சேர்க்கும் புற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனைகள் பலவும், அறிகுறி இல்லாதவரிடம் நோயைக் கண்டுபிடிக்க ஏற்றவை இல்லை. கூடக்குறைய ஒரு எண் வந்துவிட்டால் பயம் மட்டும்தான் மிச்சம்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். ஜாலான் பேராக், பாயான் பாரு, பட்டர்வொர்த் என்று தீவிலும் பெருநிலத்திலும் பல இடங்களில் உண்டு. மைசெஜாத்ரா செயலியில் முன்பதிவு செய்யலாம், நேராகப் போயும் எண் எடுக்கலாம். குடியுரிமை உள்ளவர்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளி. வேலை பெர்மிட்டில் இருப்பவர்களுக்குக் கட்டணம் அதிகம் என்பதால் போகும்போதே கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

ஐசி, எழுதிய தாள், மருந்துப் பட்டியல் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில், "சாயா நாக் புவாட் சாரிங்கான் கெசிஹாத்தான்" என்று சொன்னால் போதும். பி.எஸ்.எஸ்.கே. என்ற பாரம் ஒன்றைத் தருவார்கள். ஆண், பெண், மூத்தவர் என்று தனித்தனியாக இருக்கும். வயது, பழக்கம், குடும்ப நோய், அறிகுறி பற்றிய கேள்விகள்தான். மலாய் படிக்கத் தடுமாறும் பெரியவர்களோடு பிள்ளைகள் யாராவது கூடப் போங்கள். பெண் ஊழியர்தான் பரிசோதிக்க வேண்டும் என்றால் தயங்காமல் கேட்கலாம். நம்மைப் போலப் பலரும் கேட்பதுதான்.

திங்கட்கிழமை காலையில் கூட்டம் அதிகமாக இருக்கும். வாரத்தின் நடுவில், முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது.

வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு கதவும் இருக்கிறது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவுக்குச் சந்தா கட்டும் 40 வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு 2013 முதல் உடல்நலப் பரிசோதனைத் திட்டம் ஒன்று உண்டு. ரத்தச் சோதனையும் பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையும் அதில் வரும். பெர்கேசோவின் இணையப் பக்கத்தில் ஐசி எண்ணைப் போட்டுத் தகுதியைப் பார்க்கலாம். தொழிற்பேட்டை ஃபேக்டரிகளில் இருபது வருடம் வேலை செய்தும் இதைப் பற்றிக் கேள்விப்படாத அக்காமார்கள் நிறைய. சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்கள், பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் பெக்கா பி40 என்ற திட்டம் 2019 முதல் இருக்கிறது. அரசின் ரொக்க உதவி பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவரும் அவருடைய கணவரோ மனைவியோ பதிவு பெற்ற தனியார் கிளினிக்கிலும் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். இதற்குத் தனி விண்ணப்பம் கிடையாது. ஐசியைக் காட்டினால் தகுதியைப் பார்த்துச் சொல்வார்கள்.

மலச் சோதனை: அருவருப்பு வேண்டாம்

இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பெருங்குடல் புற்றை ஆரம்பத்திலேயே பிடிக்க இதைவிட மலிவான, வலியில்லாத வழி இல்லை. நம் ஆட்கள் இதைத்தான் அதிகம் தட்டிக்கழிக்கிறார்கள்.

அறிகுறி ஏதும் இல்லாத 50 முதல் 75 வயதுக்காரர்களுக்கு, ஆணோ பெண்ணோ, கவர்மெண்ட் கிளினிக்கில் இந்தச் சோதனை உண்டு. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஐ-ஃபோப்ட் என்பார்கள், வாயில் நுழையாவிட்டால் "ஊஜியான் நாஜிஸ்" என்று கேளுங்கள்.

விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் குப்பி கொடுப்பார்கள். உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கும். மூடியைத் திருகினால் அதோடு ஒரு குச்சி வெளியே வரும், அதன் நுனியில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். மலம் கழிவறைத் தண்ணீரிலோ சிறுநீரிலோ படக் கூடாது. அதனால் பழைய நாளிதழையோ சுத்தமான பிளாஸ்டிக் டப்பாவையோ கீழே வைத்துக்கொள்ளுங்கள். குச்சி நுனியால் மலத்தில் நாலைந்து இடத்தில் குத்துங்கள். பள்ளங்கள் நிறைந்தால் போதும், அள்ளிப் போடத் தேவையில்லை. குச்சியைக் குப்பிக்குள் திரும்ப நுழைத்து இறுக மூடிக் குலுக்குங்கள். பெயரும் ஐசி எண்ணும் தேதியும் எழுதிப் பையில் போட்டு, அவர்கள் சொன்ன நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். அன்றே கொடுத்துவிடுவது நல்லது. சில இடங்களில் வெறும் டப்பா தருவார்கள், மற்றதை அங்கே பார்த்துக்கொள்வார்கள்.

முன்னாலிருந்த பழைய முறையைப் போல இதற்குப் பத்தியம் வேண்டாம். ஆட்டிறைச்சி சாப்பிட்டாலும் கேடில்லை, மனித ரத்தத்தை மட்டும்தான் இது காட்டும். மாதவிடாய் நாட்களிலும் மூலத்தில் ரத்தம் வரும் நாட்களிலும் செய்ய வேண்டாம்.

என் அத்தை அந்தக் குப்பியை மூன்று பிளாஸ்டிக் பைகளில் சுற்றிக் கைப்பையின் அடியில் வைத்து எடுத்துப் போனார். கவுண்டருக்கு முன்னால் நின்றும் எடுத்து நீட்டக் கூச்சம். உள்ளே இருந்த நர்ஸ் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, "ஆன்ட்டி, லெத்தாக் சினி" என்று ஒரு தட்டைக் காட்டினார். தட்டில் ஏற்கெனவே ஏழெட்டுக் குப்பிகள் வரிசையாக நின்றன. அத்தையின் முகம் அப்போதுதான் இளகியது.

முடிவு பாசிட்டிவ் என்று வந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. மூலமாக இருக்கலாம், குடல் சுவரில் வளர்ந்த சிறு தசைக் கட்டியாக இருக்கலாம். காரணத்தைப் பார்க்கக் குழாய்க் கேமராவைக் குடலுக்குள் விட்டுச் சோதிப்பார்கள், அதுதான் கொலோனோஸ்கோப்பி. இந்தச் சோதனையின் பெரிய நன்மை, அந்தச் சிறு கட்டியைப் பார்த்த இடத்திலேயே அகற்றிவிடலாம் என்பது. அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்தாண்டு வரை ஆகும். மாறுவதற்கு முன்பே எடுத்துவிட்டால் அந்தக் கட்டியிலிருந்து புற்று வரவே வராது.

கொலோனோஸ்கோப்பிக்கு முன் குடல் சுத்தமாக இருக்க வேண்டும். ஓரிரு நாளுக்கு நார்ச்சத்தும் விதையும் உள்ளதை நிறுத்தச் சொல்வார்கள். நம் சாப்பாட்டில் அது கீரை, முருங்கைக்காய், கொய்யா, டிராகன் பழம், எள், பருப்பு. வெள்ளைச் சோறு, கஞ்சி, முட்டை, மீன் சாப்பிடலாம். முந்தைய நாள் தெளிந்த திரவம் மட்டும்தான். சிராப் போன்ற சிவப்புத் தண்ணீரைத் தொடாதீர்கள், கேமராவில் ரத்தம் போலத் தெரியும். பேதி மருந்தை முழுதாகக் குடித்து முடியுங்கள். பாதியில் நிறுத்தினால் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டி வரும். சர்க்கரை மாத்திரை, ரத்தத்தை இளக்கும் மருந்து, இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் ஒரு வாரத்துக்கு மேலாகவே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். மயக்கம் கொடுப்பார்கள் என்பதால் அன்று வண்டி ஓட்டக் கூடாது, கூட ஒருவர் வர வேண்டும்.

பெண்களுக்கு

கர்ப்பப்பை வாய்ப் புற்று அநேகமாக எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. நெடுநாள் உடம்பில் தங்கும் வைரஸ்தான் அதைச் செய்கிறது. பாலுறவில் பரவும் மிகச் சாதாரணமான வைரஸ் அது, திருமணமான பெண்களில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு காலத்தில் அதைச் சந்தித்திருப்பார்கள். பாசிட்டிவ் என்று வந்தால் யாருடைய நடத்தையைப் பற்றியும் அது ஒன்றும் சொல்வதில்லை. இதைப் பெண்களும் அவர்களுடைய கணவன்மார்களும் மனதில் வைக்க வேண்டும்.

முன்பு பாப் ஸ்மியர் மட்டும்தான் இருந்தது. காலை விரித்துப் படுக்க வேண்டுமே என்ற வெட்கத்திலேயே பல பெண்கள் போகவில்லை. இப்போது 30 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை படிப்படியாக வந்திருக்கிறது, மாதிரியை நாமே எடுக்கலாம். மலாயாப் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலிய அமைப்பு ஒன்றோடு சேர்ந்து 2018இல் தொடங்கிய ரோஸ் திட்டம் இந்த முறையை நம் நாட்டில் பரப்பியது. பஞ்சு சுற்றியது போல நீளமான குச்சி ஒன்று தருவார்கள். கிளினிக் கழிவறையிலோ திரைக்குப் பின்னாலோ அதை யோனிக்குள் விட்டு, அவர்கள் சொன்ன எண்ணிக்கைக்குச் சுற்றி எடுத்து, உறையில் போட்டுக் கொடுத்தால் முடிந்தது. சில நிமிடம்தான். வலிக்காது. வைரஸ் இல்லை என்று வந்தால் அடுத்த சோதனை ஐந்து ஆண்டு கழித்து. மாதவிடாய் நின்ற அம்மாக்களும் 65 வயது வரை செய்ய வேண்டும், "இனி எனக்கெதற்கு" என்று விட்டுவிடக் கூடாது.

மகள்களுக்கு 13 வயதில் பள்ளியில் எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். 2010 முதல் நடக்கும் திட்டம் அது. சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். விடுபட்ட பிள்ளைகளுக்குக் கிளினிக்கில் விசாரியுங்கள்.

மார்பகத்துக்கு: மாதம் ஒரு முறை, மாதவிடாய் தொடங்கி ஒரு வாரம் கழித்து, கண்ணாடி முன் நின்று பாருங்கள், படுத்தும் தடவிப் பாருங்கள். தோல் உள்ளிழுத்திருக்கிறதா, காம்பு உள்ளே போயிருக்கிறதா, நீர் வடிகிறதா, அக்குளில் கட்டி தட்டுப்படுகிறதா? இருந்தால் அடுத்த மாதம் பார்ப்போம் என்று தள்ளாதீர்கள். 20 வயதிலிருந்து 39 வரை மூன்றாண்டுக்கு ஒரு முறையும், 40க்குப் பிறகு ஆண்டுதோறும் டாக்டரோ நர்ஸோ பார்க்க வேண்டும். 50 முதல் 74 வயது வரை இரண்டாண்டுக்கு ஒரு முறை மேமோகிராம். குடும்பத்தில் இருந்தால் முன்னதாகவே தொடங்கச் சொல்வார்கள். மேமோகிராமில் மார்பகத்தைத் தட்டையாக அழுத்துவார்கள், சில நொடி வலிக்கும். அன்று பவுடரும் டியோடரன்டும் போடாதீர்கள், படத்தில் புள்ளியாக விழும். சேலையைவிடப் பேன்ட்டும் பிளவுஸும் வசதி. செலவுக்குத் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமான எல்.பி.பி.கே.என். தகுதியுள்ளவர்களுக்கு உதவித்தொகை தருகிறது.

வாயைத் திறந்து பாருங்கள்

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. வாய்ப் புற்று நம்மவர்களிடம் அதிகம் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம், அதோடு சிகரெட்டும் சம்சுவும். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வகைப்படுத்தியது. பாக்கேதான் குற்றவாளி. தாம்பூலத் தட்டில் வைப்பதிலும் சாமிக்குப் படைப்பதிலும் ஒன்றும் இல்லை. கன்னத்தில் அடக்கி மணிக்கணக்கில் மெல்வதைத்தான் விட வேண்டும். பாட்டிமார்களிடம் இதைச் சொன்னால் "என் அம்மா தொண்ணூறு வரைக்கும் போட்டாங்க" என்பார்கள். அவர்களோடு வாதாட வேண்டாம், வாயை மட்டும் காட்டச் சொல்லுங்கள்.

நல்ல வெளிச்சத்தில், செல்போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். பல்செட்டைக் கழற்றுங்கள். உதட்டை வெளியே மடித்துப் பாருங்கள். இரு கன்னத்தின் உட்புறம், பாக்கு அடக்கும் பக்கம் முக்கியம். நாக்கை நீட்டி ஈரத்துணியால் பிடித்து இடப்பக்கமும் வலப்பக்கமும் இழுத்து ஓரங்களைப் பாருங்கள். நாக்கைத் தூக்கி அடியைப் பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, தடிப்பு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இவற்றைத் தேடுகிறீர்கள். கடைசியாக, நடு மூன்று விரலையும் செங்குத்தாக வாய்க்குள் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். வாய் அந்த அளவு திறக்கவில்லை, காரம் பட்டால் எரிகிறது என்றால் பாக்கினால் கன்னச் சதை இறுகத் தொடங்கியிருக்கலாம். அது புற்றாக மாறக்கூடிய நிலை. அரசுப் பல் கிளினிக்கில் காட்டுங்கள். பல்வலி இருந்தால்தான் பல் டாக்டரிடம் போக வேண்டும் என்று இல்லை.

மற்றவை சுருக்கமாக

ஈரல்: பிறந்த குழந்தைகளுக்கு ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசி 1989 முதல் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்கள் ஒரு முறையாவது ரத்தம் சோதித்துப் பாருங்கள். ஹெப்பாடைட்டிஸ் சி இருந்தால் மாத்திரையிலேயே குணமாக்க முடிகிறது, அதையும் சேர்த்துக் கேளுங்கள். நுரையீரல்: பல ஆண்டு நிறையப் புகைத்தவர்கள் குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் தங்களுக்குத் தேவையா என்று டாக்டரைக் கேட்கலாம். சாதாரண மார்பு எக்ஸ்ரே ஆரம்பப் புற்றைக் காட்டும் என்று நம்ப வேண்டாம். ஆண்களின் புராஸ்டேட் சுரப்பி: எல்லா ஆணுக்கும் பி.எஸ்.ஏ. ரத்தச் சோதனை என்று பொது விதி இல்லை. நன்மை தீமை இரண்டையும் டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாத நிலைமையும் உண்டு. மலத்தில் ரத்தம், மலம் போகும் பழக்கம் திடீரென்று மாறுவது, காரணமில்லாமல் எடை இறங்குவது, மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு, மூன்று வாரத்துக்கு மேல் இருமல், குரல் கம்மல், விழுங்கும்போது தடை, புதிதாக வந்த கட்டி. இவற்றில் எதுவானாலும் அந்த வாரமே போங்கள். "மூலம்தான்" என்று நீங்களே முடிவு செய்து நாட்டு மருந்து வாங்கி வைக்காதீர்கள்.

பழக்கங்கள்

புகையை விடுவதுதான் முதல் வேலை. நுரையீரலுக்கு மட்டுமில்லை, வாய், தொண்டை, சிறுநீர்ப்பை, கணையம் எல்லாவற்றுக்கும் அது எதிரி. 2019 ஜனவரி முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை வந்தது பலருக்கு விட ஒரு காரணமாகக் கிடைத்தது. கவர்மெண்ட் கிளினிக்குகளில் புகை நிறுத்தும் ஆலோசனை உண்டு, "பெர்ஹெந்தி மெரோக்கோக்" என்று கேளுங்கள். வெறும் மனவுறுதியை நம்பிப் பல முறை விழுந்தவர்களும் மருந்தும் ஆலோசனையும் சேர்ந்தால் விடுகிறார்கள்.

மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று புற்றுநோயைப் பொறுத்தவரை கிடையாது. வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் எல்லாம் அதில் வரும். குடியும் புகையும் சேர்ந்தால் வாய்க்கும் தொண்டைக்கும் ஆபத்து பல மடங்கு. சனிக்கிழமை இரவு மட்டும்தான் என்றாலும் அளவைக் குறையுங்கள். முடிந்தால் விட்டுவிடுங்கள்.

சாப்பாடு விஷயத்தில் பயமுறுத்தும் செய்திகள் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கும், எலுமிச்சை குடித்தால் புற்று கரையும் என்பது வரை. அதெல்லாம் வேண்டாம். சுகாதார அமைச்சு சொல்லும் "சுக்கு சுக்கு செப்பாரோ" போதும்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு, பாதித் தட்டு காய்கறியும் பழமும். நாசி கண்டார் கடையில் இதைச் செய்ய முடியும். சோற்றைப் பாதியாகக் கேளுங்கள், குழம்பை மூழ்க ஊற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள், வெண்டைக்காயும் கோபிஸும் கூட வைக்கச் சொல்லுங்கள். பொரித்த கோழிக்குப் பதில் மீன் கறி. பசியாற ரொட்டி சானாய் தினமும் என்பதை வாரம் ஒரு நாள் ஆக்கலாம். தே தாரேக் என்றால் "கூராங் மானிஸ்", இன்னும் நல்லது "தே ஓ கோசோங்". சாசேஜ், நக்கெட், டின் இறைச்சி போன்ற பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றோடு தொடர்புடையது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015இலேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. பிள்ளைகளின் பள்ளி டப்பாவில் தினமும் அதை வைக்காதீர்கள்.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள். மாதவிடாய் நின்றபின் வரும் மார்பகப் புற்றுக்கும் கர்ப்பப்பை, பெருங்குடல் புற்றுக்கும் கூடுதல் எடை ஒரு காரணம். வாரத்துக்கு 150 நிமிடம் மூச்சு சற்று வாங்கும் அளவு நடந்தால் போதும், ஐந்து நாள் அரைமணி. தண்ணீர்மலைப் பூங்காவில் காலை ஆறரைக்கே நம் ஆட்கள் கூட்டமாக நடப்பார்கள், பெருநிலத்தில் செரோக் தோகுன் மலையடிவாரம் இருக்கிறது. ஷிஃப்ட் வேலைக்காரர்களால் காலையில் முடியாது. அவர்கள் வேலைக்குப் போகும் முன் ஃபிளாட்டைச் சுற்றி இருபது நிமிடம் நடந்தாலும் கணக்கில் சேரும்.

முடிவு வந்தபிறகு

ஒவ்வொரு முடிவையும் நகல் கேட்டு ஒரே ஃபைலில் வையுங்கள். போனிலும் படம் எடுத்து வையுங்கள். "கூப்பிடாவிட்டால் ஒன்றும் இல்லை" என்று நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள். சொன்ன தேதி தாண்டினால் நீங்களே போன் பண்ணிக் கேளுங்கள். அடுத்த பரிசோதனை எப்போது என்று வெளியே வருவதற்குள் கேட்டு, நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

சந்தேகமாக ஏதாவது வந்து மேற்சோதனைக்கு ஹோஸ்பிட்டல் பூலாவ் பினாங்குக்கோ செபெராங் ஜெயாவுக்கோ கடிதம் கொடுத்தால், கொடுத்த தேதியில் போங்கள். தீபாவளி முடியட்டும், பிள்ளை பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடுவதில்தான் மாதங்கள் போய்விடுகின்றன. டாக்டரைப் பார்க்கும்போது ஒருவரைக் கூட அழைத்துப் போய் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். புற்று என்ற சொல்லைக் கேட்ட பிறகு மற்றது எதுவும் காதில் ஏறாது. இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் கேட்கலாம். தஞ்சோங் பூங்கா பக்கம் இருக்கும் மவுண்ட் மிரியம் ஆஸ்பத்திரி லாப நோக்கில்லாமல் புற்றுநோய்க்கென்றே நடப்பது. சித்த மருந்து, பச்சிலை எதையாவது எடுப்பதாக இருந்தால் புற்றுநோய் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சிகிச்சையை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் போவது உயிருக்கு ஆபத்து.

பெக்கா பி40 தகுதி உள்ளவர்களுக்கு, அரசு ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவர்களுக்கான ஊக்கத்தொகை 1,000 வெள்ளி கிடைக்கும். போக்குவரத்துச் செலவுக்குத் தீபகற்பத்தில் 500 வெள்ளி வரை உண்டு. சிகிச்சை தொடங்கும் முன்பே கவுண்டரில் கேட்டுப் பாரத்தை நிரப்பிக் கொடுங்கள். பாரம் நிரப்பச் சிரமமாக இருந்தால் ஆஸ்பத்திரியின் சமூகப்பணிப் பிரிவில், "கெர்ஜா சோசியல் பெருபாத்தான்" என்று பலகை போட்ட அறையில், உட்கார வைத்து உதவுவார்கள்.